ஆறாவது சட்டி

பதின்மூன்றாவது கேள்வி வரை என் விரல்கள் நிற்கவில்லை. பாலத்தின் நீளம், தூண்கள் எத்தனை, தொடங்கிய தேதி, முடித்த தேதி எல்லாம் எனக்கு மனப்பாடம். பிச்சாட்டூர் ஏரியைத் திறந்துவிட்டால் கீழே இருக்கும் ஓடை பொங்கி, அக்கரை ஊர்கள் நாலைந்து நாள் துண்டாகிப் போகும். அந்த ஓடையின் குறுக்கே எங்கள் கம்பெனி ஒரு சிறிய பாலம் கட்டியது. 2001 மே மாதம் தொடங்கி டிசம்பரில் முடித்தோம். சைட் இஞ்சினீர் நான்தான்.

பொறியாளர் சங்கம் ஒன்று சிறந்த பணிகளுக்கு விருது அறிவித்திருந்தது. திருப்பதியில் நடுவர்கள் முன்னால் தேர்வு. சித்தூர் ஆபீசில், மாடி அறையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நான் டைப் செய்துகொண்டிருந்தேன். பதினான்காவது கேள்வி இது: பணியின் தரத்தை ஒரே சீராக வைத்திருக்க நீங்கள் கையாண்ட தனி முறை என்ன? ஆதாரம் இணைக்கவும்.

ஆதாரம் கையில் இருந்தது. வேலை நடக்கும்போதே கான்கிரீட்டில் சிறு கட்டிகள் வார்த்து, திருப்பதி கல்லூரிக்கு அனுப்பி உடைத்துப் பார்த்துவிடுவோம். அந்தச் சோதனைத் தாள்களை முதல் முறையாக வரிசையாக அடுக்கினேன். மே மாத வெயிலில் வார்த்த கட்டி தாங்கிய எடையும் நவம்பர் தூறலில் வார்த்தது தாங்கிய எடையும் ஏறக்குறைய ஒன்று. முதலில் பெருமையாக இருந்தது. என்னோடு சிவில் படித்த பதினொரு பேரில் ஒன்பது பேர் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு அமெரிக்காவுக்கும் ஹைதராபாத்துக்கும் போய்விட்டார்கள். நான் ஏன் மண்ணோடும் ஜல்லியோடும் நின்றுவிட்டேன் என்று வீட்டில் கேட்காத நாளில்லை. பதிலாகக் காட்ட எனக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது. இதோ அந்தக் காகிதம் என்று நினைத்தேன்.

பிறகு பயம் வந்தது. மழைக்காலத்துக்கென்று நான் தனியாக எதுவுமே செய்யவில்லை. மே மாதம் சொன்ன கலவையைத்தான் நவம்பரிலும் சொன்னேன். ஒரு மூட்டை சிமெண்டுக்கு ஐந்து சட்டி மணல், பத்துச் சட்டி ஜல்லி. மணல் நனைந்திருக்கும்போது அதே கணக்கில் போட்டால் கட்டிகள் இப்படி ஒரே மாதிரி உடையாது. பலம் மாறியே தீரும்.

அப்போதுதான் அந்தக் காலை ஞாபகம் வந்தது.

செங்கம்மா குடிபாலா ஊர்க்காரி. எட்டுச் சித்தாள் பெண்களுக்குத் தலைவி. நாற்பது வயதிருக்கும். இரும்புச் சட்டியில் மணல் சுமந்து மிக்சரில் கொட்டுவது அவர்கள் வேலை. தூறல் விட்டிருந்த ஒரு நவம்பர் காலையில் அவள் ஆறாவது சட்டி கொட்டுவதைப் பார்த்துவிட்டேன்.

"அஞ்சுன்னுதானே சொன்னேன்? எதுக்கு ஆறு?"

"மணலு பொங்கிக்கினு கீது மேடம்."

"பொங்குறதுக்கு அது என்ன பாலா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். என் நகைச்சுவை எனக்கே பிடித்திருந்தது. அவள் சிரிக்கவில்லை. "செரி மேடம்" என்று காலிச் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போனாள். அடுத்த கலவைக்கு ஐந்துதான் விழுந்தது. நான் கூடாரத்துக்குத் திரும்பினேன். அதற்குப் பிறகு எத்தனை விழுந்தது என்று நான் பார்க்கவில்லை.

முதலாளி ஹரிபாபுவிடம் கேள்வியைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார்.

"ஈரம் பாக்குற மிஷின் வச்சிருந்தோம்னு எழுதிடும்மா."

"நம்மகிட்ட அது இல்ல சார்."

"இருந்திருக்கணும்ல? அதான் எழுது." பிறகு கொஞ்சம் தணிந்து, "தாட்சாயணி, நாலு வழிச் சாலை வேலை வருது. இந்த விருது இருந்தா பெரிய கம்பெனிங்க நம்மள சப் காண்ட்ராக்ட்டுக்குக் கூப்பிடுவாங்க. உனக்கும் பேரு" என்றார்.

மறுநாள் குடிபாலாவுக்குப் பஸ் ஏறினேன். செங்கம்மாவின் கூட்டம் பெங்களூருக்குப் புறப்படப்போவதாகக் கேள்வி. அங்கே மாடி மேல் மாடியாக அடுக்கு வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது.

அரை ஏக்கர் வேர்க்கடலையில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

"இன்னா மேடம், பாலம் விழுந்துட்சா?"

"விழல."

"அப்ப இன்னாத்துக்கு இம்மாந்தூரம்?"

சொன்னேன். நவம்பர் முழுக்க ஆறு சட்டி போட்டாயா என்று கேட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் திட்ட வந்திருக்கிறேனா என்று அளக்கிறாள் என்று புரிந்தது.

"எல்லா நாளும் ஆறு இல்ல" என்றாள் கடைசியில். "சில நாளு அஞ்சரை. சில நாளு அஞ்சே. மணலப் பொறுத்து."

பக்கத்தில் யாரோ வீடு கட்டக் குவித்திருந்த மணலுக்கு அழைத்துப் போனாள். அடியிலிருந்து காய்ந்த மணலை ஒரு சட்டியில் வாரினாள். இன்னொரு குவியலில் தண்ணீர் தெளித்துப் பிசறி, அதை இரண்டாவது சட்டியில் நிரப்பினாள். இரண்டும் ஒரே மாதிரிக் கூம்பி நின்றன.

"தூக்கு."

காய்ந்ததைத் தூக்கினேன். பிறகு நனைந்ததை. நனைந்தது கனக்கும் என்று தயாராக இருந்த என் கை வெடுக்கென்று மேலே வந்தது. லேசாக இருந்தது.

"பாத்தியா? நனைஞ்ச மணலு ஏமாத்தும். சட்டி ரொம்பின மாதிரி காட்டும். உள்ள சரக்கு கம்மி. அஞ்சு போட்டா ஜல்லிக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா நிக்கும். ஒண்ணு கூடப் போட்டு, தண்ணிய ஒரு சொம்பு குறைச்சிக்கணும். ஆனா மழையில ஊறிப்போன மணலு அப்பிடியில்ல. அது அடங்கிப்பூடும். அதுக்கு அஞ்சே போதும்."

இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஈரம் சேர்ந்தால் மணல் உப்பும் என்று இரண்டாம் வருடத்தில் படித்திருக்கிறேன். எட்டு மார்க் கேள்வி. படம் போட்டு எழுதி எட்டும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பக்கமும் என் முன்னால் குவிந்து கிடந்த மணலும் ஒன்றே என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றியவளைப் பார்த்து, 'அது என்ன பாலா' என்று கேட்டேன்.

சும்மா நம்பிவிட மனம் வரவில்லை. படித்த புத்திக்கு அதுவும் ஒரு குணம். ரோட்டோரத்து வெல்ல மண்டியின் தராசைக் கேட்டு வாங்கினேன். அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, நாலு சட்டி மணலில் நாலு விதமாகத் தண்ணீர் கலந்தேன். அவள் ஒவ்வொன்றாகத் தலைக்கு ஏற்றினாள். கண்ணை மூடவில்லை, யோசிக்கவும் இல்லை. இரண்டு எட்டு நடந்து, "இதுக்கு ஆறு" என்றாள். "இதுக்கு அஞ்சரை. இது ஊறிப்போச்சு, அஞ்சு. இதுக்கும் ஆறு, மேல ஒரு பிடி."

தராசில் வைத்தேன். காய்ந்த சட்டி பத்தொன்பது கிலோ. அவள் ஆறு சொன்ன சட்டி பதினாறு. ஐந்து பத்தொன்பது தொண்ணூற்றைந்து, ஆறு பதினாறு தொண்ணூற்றாறு. மற்ற மூன்றும் அப்படியே வந்தன. வெல்ல மண்டிக்காரர் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சைட்டுக்கு வாங்காமல் விட்ட மிஷின் இந்தக் கழுத்துக்குள் இருந்தது. நான் திட்டியபிறகும், நான் பார்க்காத நேரத்தில், அது என் பாலத்துக்காக வேலை செய்திருக்கிறது.

"நான் திட்டினேனே. அப்புறமும் எதுக்குப் போட்டீங்க?"

அந்தப் 'போட்டீங்க' என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவளும் கவனித்தாள்.

"பாலத்து மேல ஜனங்க போவும் வரும். நீ திட்டுறேன்னு அத கெடுக்க முடியுமா?"

விருதைப் பற்றிச் சொன்னேன். விண்ணப்பத்தில் நாலு பேர் பெயர் போடலாம் என்றேன்.

"என் பேரு போட்டா இன்னா ஆவும்?"

"ஜெயிச்சா சர்டிபிகேட் தருவாங்க."

"அதுல நான் மணல் போடுற விஷயம் எழுதியிருக்குமா?"

"இருக்கும்."

அவள் கையிலிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "அப்ப எனக்கு ஒரு ஜெராக்ஸ் குடு. பெங்களூர்ல எல்லாம் புதுப் பசங்க. இஞ்சினீருங்கோ. ஆறாவது சட்டி போட்டா உன்ன மாதிரியே கத்துவானுங்க. முன்ன ஒரு தபா ஒருத்தன் வேலைய வுட்டே நிறுத்திட்டான். தமிழு புரியாது, தெலுங்கு புரியாது. காகிதத்த நீட்டினா பாப்பான் இல்ல?"

சித்தூர் திரும்பும் பஸ்ஸில் நான் வெட்கப்பட்டது அந்தக் காலைக்காக மட்டும் இல்லை. அவளும் ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தாள். எனக்கு அது வீட்டாரிடம் காட்ட. அவளுக்கு வேலையைச் சரியாகச் செய்ய.

இரண்டு விதமாக டைப் செய்தேன். ஒன்றில் மிஷின் இருந்தது. இன்னொன்றில் செங்கம்மா இருந்தாள். கூடவே, 'சைட் இஞ்சினீர் இந்தத் திருத்தத்தைச் செய்யவில்லை, தடுக்கவும் முயன்றார்' என்ற வரியும் இருந்தது. அந்த வரி இல்லாமல் எழுதிப் பார்த்தேன். நானும் அவளும் சேர்ந்து கண்டுபிடித்தது போல் இருந்தது. அழித்துவிட்டுப் பழையபடியே எழுதினேன். தராசுக் கணக்கை இணைத்தேன்.

ஹரிபாபு இரண்டாவதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுல உன் மானம் போவுதேம்மா."

"தெரியும் சார்."

"தோத்துட்டா என்கிட்ட வந்து அழக் கூடாது."

"சரி சார்."

"அந்தம்மா நெஜமாவே நாலும் கரெக்டா சொன்னாங்களா?"

"பிடி மணல் பிசகல."

கையெழுத்துப் போட்டார். "நானும் முப்பது வருசமா மணல் வாங்குறேன்" என்று முணுமுணுத்தபடி எழுந்து போனார்.

திருப்பதியில் அந்த அரங்கம் குளிரூட்டப்பட்டிருந்தது. மற்றவர்கள் தெர்மாகோலில் மாதிரிகள் செய்து கொண்டுவந்திருந்தார்கள். செங்கம்மா பெங்களூர்ப் பயணத்தை நான்கு நாள் தள்ளிப்போட்டு வந்திருந்தாள். உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தாள்.

"சீலிங்கு பூச்சு செரியில்ல" என்றாள் என் காதில்.

எங்கள் முறை வந்தது. நடுவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமைப் பொறியாளர். விண்ணப்பத்தைப் புரட்டிவிட்டு, "சைட் இஞ்சினீர் யார்?" என்றார்.

எழுந்தேன். "நான்தான் சார். நான் ஐந்துதான் போடச் சொன்னேன்." என் குரல் மைக்கில் பெரிதாகக் கேட்டது. பின் வரிசையில் யாரோ இருமினார்கள். சொல்லி முடித்தபின் நெஞ்சில் ஏதோ அடங்கி, தன் அளவுக்கு வந்து நின்றது.

அவர் செங்கம்மாவிடம் தெலுங்கில் கேட்டார். ஈர மணலுக்கு எவ்வளவு கூடப் போடுவாய்?

"மணலக் காட்டுங்க சார், சொல்றேன்" என்று அவளும் தெலுங்கிலேயே சொன்னாள்.

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதினார். நிமிர்ந்து, "சரியான பதில்" என்றார்.

முதல் பரிசு ஒரு பால் பண்ணையின் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனது. எங்களுக்குச் சிறப்புப் பாராட்டு. ஹரிபாபுவின் முகம் கொஞ்சம் தொங்கியது. பெரிய கம்பெனி ஆள் ஒருவர் வந்து செங்கம்மா யாருடைய கூட்டம் என்று விசாரித்ததும் நிமிர்ந்துகொண்டது. பெயர் எழுதிய சர்டிபிகேட்டுகளைக் கொடுத்தார்கள். 'மணலின் ஈரத்தை அறிந்து கலவையைத் திருத்தியமைக்காக' என்று செங்கம்மாவுடையதில் இருந்தது.

வெளியே வந்ததும் அவள் என்னுடையதையும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என் பேரு எதும்மா?"

காட்டினேன்.

"அதுக்கு முன்னால இன்னா ரெண்டு எழுத்து, ஒரு புள்ளி? உன் பேருக்கும் கீது."

அப்போதுதான் நானும் கவனித்தேன். யாரோ எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் ஆங்கிலத்தில் 'Er.' என்று ஒன்றுபோல் அடித்திருக்கிறார்கள்.

"இஞ்சினீர்னு அர்த்தம்க்கா."

ஹரிபாபு எட்டிப் பார்த்தார். "அய்யய்யோ, தப்பும்மா இது. உள்ள குடுத்துத் திருத்தி வாங்கணும்."

செங்கம்மா காகிதத்தைக் கொடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். உண்மையைச் சொல்லத்தான் இத்தனை தூரம் வந்தோம். இப்போது மழுப்ப முடியாது.

"தப்புதான்க்கா. திருத்தலாமா?"

அவள் சர்டிபிகேட்டை முந்தானையால் ஒரு முறை துடைத்தாள்.

"திருத்தலாம். முதல்ல ஜெராக்ஸ் எடுத்துக்கினு, அப்பாலே திருத்தலாம்."

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கடை திறந்திருந்தது. பத்துக் காப்பி எடுத்தோம்.