சுகந்திக்கு ஒரு சர்வர்

எங்கள் ஊரைக் கம்ப்யூட்டர் சர்வருக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மாலைச் சங்கு ஊதியதும் பழைய ஊரை அணைத்துவிடுவார்கள். சர்வரில் ஏறியவர்கள் இருப்பார்கள். ஏறாதவர்கள் காணப்படமாட்டார்கள். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வீதி வீதியாகச் சொல்லிவிட்டார்கள். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை.

நான் போன வாரமே ஏறிவிட்டேன். என்னை ஏற்றுவது சுலபம். ஒரே பக்கம்தான். பெயர், மூக்குக்கண்ணாடி, மூட்டுவலி. என்றைக்கு வந்து பார்த்தாலும் அதே ஆள்.

என் மனைவி சுகந்திதான் இன்னும் ஏறவில்லை. காலையிலிருந்து அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆள் சமையலறையில்தான் இருக்கிறாள். குரல் வருகிறது. தாளிக்கிற வாசனை வருகிறது. எட்டிப் பார்த்தால் அடுப்பு மட்டும் எரிகிறது.

“என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க? ஆளைப் பார்த்ததே இல்லையா?” என்றாள்.

“நீ தெரியலை சுகந்தி.”

“இத்தனை வருஷமாத் தெரிஞ்சுதாக்கும்!”

அவளுக்கு எல்லாமே விளையாட்டு. உடனே கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்து, அவளை ஏற்ற ஒரு லினக்ஸ் சர்வர் அவசரமாக வேண்டும் என்று சொன்னேன்.

ஒருவர் வந்தார். தோளில் ஈரத்துண்டு. காதில் பென்சில். மூன்று தம்ளர் தண்ணீரை ஒரே கையில், விரலை உள்ளே விட்டுப் பிடித்திருந்தார்.

“சர்வர் கேட்டீங்களாமே?”

“லினக்ஸ் சர்வர் கேட்டேன்.”

“நான் அதுதான் சார். பேரு வைரமணி. எந்த வாசல்ல நிக்கணும்?”

“எண்பது” என்றேன். கம்ப்யூட்டர் சர்வர் என்றால் எண்பதாம் நம்பர் வாசலில்தான் நிற்கும். அது எனக்கும் தெரியும்.

எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல்தான். வைரமணி கூடத்துச் சுவரோரமாக எண்ணிக்கொண்டே போனார். கூடம் நீண்டுகொண்டே போனது. எண்பதாவது வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

“யார் வந்து என்ன கேட்டாலும் கொண்டு வந்து வைப்பேன். உங்களுக்கு என்ன சார்?”

“என் மனைவி.”

சமையலறைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

“இல்ல சார்.”

“இருக்காய்யா! பேசுறாளே, கேக்கலை?”

“பேசுறாங்க. ஆனா காணப்படலை. ஒண்ணு கேக்கறேன், அம்மா தினமும் ஒரே மாதிரி இருப்பாங்களா?”

“கிடையவே கிடையாது. ஒரு நாள் பாடுவா. ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா.”

“அப்ப செஞ்சு வெச்சதை எடுத்து வைக்க முடியாது. நீங்க மிக்சர் மாதிரி, டப்பாவுலேர்ந்து எடுத்துக் கொடுத்துடலாம். அவங்க தோசை மாதிரி. கேக்கறப்பதான் சுடணும். அதுக்கு ஸ்கிரிப்ட் எழுதணும் சார்.”

என்னை மிக்சர் என்றது எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட நேரமில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

சுகந்தி எப்படிப்பட்டவள் என்று எழுத வேண்டும். அவ்வளவுதானே. சாப்பாட்டு நேரமானால் ‘சாப்பிட்டீங்களா?’ என்பாள். மழை வந்தால் ‘துணியை எடுங்க’ என்பாள். அதற்குமேல் விரல் ஓடவில்லை. உள்ளே அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். நடுவில் பாட்டை நிறுத்திவிட்டுத் தனியாகச் சிரித்தாள்.

“கொஞ்ச நேரம் சும்மா இரேன்! உன்னைத்தான் எழுதிக்கிட்டிருக்கேன். யோசிக்கவே விட மாட்டேங்கிறே.”

“எழுதுங்க, எழுதுங்க. என்னத்தைக் கிழிக்கிறீங்கன்னு பார்க்கிறேன்.”

“இப்ப எதுக்குச் சிரிச்சே?”

“ஒண்ணுமில்ல.”

நல்லவேளை, எதைக் கேட்டாலும் அவள் இப்படித்தான் சொல்வாள் என்பது ஞாபகத்துக்கு வந்தது. மற்ற எல்லா நேரத்துக்கும் ‘ஒண்ணுமில்ல’ என்று எழுதி முடித்தேன்.

வைரமணி ஸ்கிரிப்டைப் பார்த்தார். வாசலுக்குப் போனார். ஹோட்டல் சமையல்கட்டில் இருக்கிற சரக்கு மாஸ்டருக்குக் கேட்கிற மாதிரித் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

“சாப்பாட்டு நேரமானால், சாப்பிட்டீங்களா! மழை வந்தால், துணியை எடுங்க! மற்றபடி, ஒண்ணுமில்ல!”

தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். “அவ்வளவுதானா?” என்று ஒருவர் கேட்டுவிட்டு நடந்தார். என் மானமே போயிற்று.

“ஐயோ, படிக்காதீங்க! அதைச் செய்யுங்க!”

“செய்யணும்னா அந்த பாஷை எனக்குள்ள இருக்கணும் சார். இல்லேன்னா எழுதினதை அப்படியே படிச்சுத்தான் காட்டுவேன். பாஷையைப் போடுங்க” என்று வாயைத் திறந்தார்.

பாஷை வெற்றிலையில் மடித்து வந்திருந்தது. அதற்குச் சுண்ணாம்பு வேண்டும் என்றார். சுண்ணாம்புக்கு டப்பா வேண்டும். டப்பாவைத் திறக்க ஒரு சாவி வேண்டும். சாவி டப்பாவுக்குள் இருந்தது. எப்படியோ திறந்து, மடித்து, அவர் வாயில் போட்டேன். மென்றார். பாதியில் தாடை நின்றுவிட்டது.

“அனுமதி இல்ல சார். ரூட் சொல்லணும்.”

“ரூட் யாரு?”

“வேற யாரு? ஹவுஸ் ஓனர்தான்.”

ஹவுஸ் ஓனர் அருளானந்தம் மாடியில் இருக்கிறார். படி ஏற ஏற வளர்ந்தது. பாதி வழியில் சங்கு ஊதுகிற ஆள் சைக்கிளை உருட்டிக்கொண்டு எதிரே இறங்கினார். “இப்பவே நேரமாச்சு” என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். மூட்டுவலியோடு இரண்டிரண்டு படியாக ஏறினேன்.

அருளானந்தம் ஈசிசேரில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

“மோட்டார் போடணுமா?”

“இல்ல சார். சர்வருக்கு அனுமதி வேணும்.”

“கடவுச்சொல்?”

“நீங்கதான் சார் சொல்லணும்.”

“சொன்னா உனக்குத் தெரிஞ்சுடுமே.”

வாயை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார். நானும் வாயை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னேன்.

“தப்பு.”

மறுபடியும், இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு சொன்னேன்.

“ம். சரி. செவுத்துல ஆணி மட்டும் அடிக்கக் கூடாது.”

விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். வைரமணி மென்று முடித்திருந்தார். “என்னை ஒரு தடவை வெளியே அனுப்பிட்டுத் திரும்பக் கூப்பிடுங்க. அப்பதான் பாஷை உள்ள பிடிக்கும்” என்றார். அனுப்பினேன். கூப்பிட்டேன். அதே மூன்று தம்ளரோடு உள்ளே வந்தார்.

“சர்வர் கேட்டீங்களாமே?”

“ஆமாய்யா, ஆமா! சுகந்தி! சீக்கிரம்!”

“ஒரு சுகந்தீய்!” என்று குரல் கொடுத்தார்.

சங்கு ஊதியது.

எதிர் நாற்காலியில் சுகந்தி உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தி, பொட்டு, நெற்றி ஓரத்து நரை, எல்லாம் முழுசாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கையைப் பிடித்துக்கொண்டேன். கை சூடாகத்தான் இருந்தது. வைரமணி எனக்கு ஒரு தட்டு வைத்தார்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள்.

“எங்கே சாப்பிட? பயந்தே போயிட்டேன் சுகந்தி. உனக்கு ஒண்ணும் ஆகலையே?”

வைரமணி தட்டை எடுத்துக்கொண்டார்.

“ஒண்ணுமில்ல.”

“ஏன் ஒரு மாதிரி இருக்கே? என் மேல கோபமா?”

“ஒண்ணுமில்ல.”

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “ஏங்க, யாரு வந்திருக்காங்க? பொம்பளைக் குரல் கேக்குது?”

எதிரில் இருந்தவள் பதில் சொன்னாள்.

“ஒண்ணுமில்ல.”

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது.

“என் குரல் மாதிரியே இருக்கே” என்றாள் சுகந்தி.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தெருக்கோடியிலிருந்து பழைய வீடுகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டு வந்தன.

“வைரமணி, உள்ளே இருக்காளே, அவளைக் கொண்டாங்க! அவதான் சுகந்தி!”

“நீங்க எழுதினதுதான் சார் வந்திருக்கு. எழுதாததை நான் எங்கே போய்ச் சுடுவேன்?”

ஓடிப்போய் ஸ்கிரிப்டைத் திறந்தேன். பக்கத்து வீடு அணைந்தது.

“சுகந்தி! பாட்டுக்கு நடுவுல சிரிச்சியே, அது எதுக்கு? சொல்லும்மா, சீக்கிரம் சொல்லு, எழுதிடறேன்!”

“அடேயப்பா! அதைக் கேக்கத் தோணிச்சே உங்களுக்கு” என்றாள். குரலில் மறுபடியும் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது. “அது என்னன்னா...”

சமையலறை அணைந்தது.

வைரமணி ஈரத்துண்டால் மேஜையைத் துடைத்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டார்.

“வேற என்ன சார்?”