இரண்டு புள்ளிக்காரி

1.
இந்தக் கதை என் நாத்தனார் போட்ட சத்தத்தில் பிறந்தது. "அண்ணி, ஜன்னலைத் துடைக்காதீங்க!" ஈரத் துணியோடு அப்படியே நின்றேன். ஜன்னல் சட்டம் முழுக்கப் பொறிவண்டுகள், குன்றிமணியைக் கொட்டியது போல. (பழைய உவமைதான். ஆனால் அப்படித்தான் இருந்தன.)

2.
முதலில் எழுதிய தொடக்கம்: "அசுவினிப் பூச்சியைத் தின்பதற்காகக் கடல் கடந்து கொண்டுவரப்பட்ட பொறிவண்டானது..." பாடப்புத்தகம் மாதிரி இருந்தது, அடித்துவிட்டேன். விஷயம் என்னவோ அதுதான். வந்த வண்டு அசுவினியைத் தின்றது, இங்கிருந்த பொறிவண்டுகளின் முட்டைகளையும் தின்றது. தெருத் தெருவாகப் பரவியது. குளிர் தொடங்கியதும் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. வந்தது எத்தனை, பழசு எத்தனை மிச்சம் என்று கணக்கெடுப்பதுதான் நாத்தனாரின் வேலை.

மருமகள் என்றொரு உவமை இங்கே கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறது. தொடமாட்டேன்.*

* அவளே தொட்டுவிட்டாள். "நீங்களும் வந்தவங்கதானே அண்ணி? எங்கண்ணனை முழுசா முழுங்கிட்டீங்க."
"உங்கண்ணன் அவ்வளவு ருசி இல்லடி."

3.
பழைய இனத்துக்குச் சிவப்பு முதுகில் இரண்டே கரும்புள்ளி. வேலையில் சேர்ந்த வருடம் எங்கள் தெருவில் மட்டும் நாற்பது பார்த்தாளாம். போன இரண்டு வருடமும் ஒன்றுகூட இல்லை. இந்த வருடமும் இல்லையென்றால், பழைய இனம் வாழும் இடங்களின் பட்டியலிலிருந்து எங்கள் தெருவை எடுத்துவிடுவார்கள். இன்று கணக்கெடுப்பின் கடைசி நாள். அவள் கண்களில் ஒரு—

இல்லை, நான் கண்களைப் பார்க்கவில்லை. முழங்காலைப் பார்த்தேன். தெருத்தெருவாக மண்டியிட்டுத் தேடித் தோல் உரிந்திருந்தது.

"கதையில வேணா ஒண்ணு விட்டுடட்டுமா?"

"தாராளமா விடுங்க. என் படிவத்துல விட முடியாது."

சுருக்கென்றது. இத்தனை வருடம் எழுதி, எத்தனை பேரைப் பிறக்க வைத்திருக்கிறேன்! அவளுக்கு ஒரு பூச்சி தர முடியவில்லை.

4.
அப்போதுதான் சட்டத்தின் மூலையில் கண்டேன். சிவப்பு முதுகு. இரண்டு புள்ளி.

"இதோ! இதோ!"

"குதிக்காதீங்க. வந்ததுலயும் ரெண்டு புள்ளிக்காரி உண்டு, அது போடாத வேஷமில்ல. காலைப் பார்க்கணும். பழசுக்குக் கறுப்பு, புதுசுக்குப் பழுப்பு."

தூரிகையால் அள்ளிக் கண்ணாடிக் குப்பியில் போட்டாள். அது மல்லாந்து, கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு, செத்தது போல் நடித்தது.

தரையில் படுத்து இருவரும் லென்ஸுக்குள் எட்டிப் பார்த்தோம். மண்டையோடு மண்டை இடித்தது. "மூச்சு விடாதீங்க, அதுக்குப் பயம்." மூச்சை அடக்கினால் சிரிப்பு வருகிறது. சிரிப்பை அடக்கினால் குப்பி ஆடுகிறது. அது இன்னும் நன்றாகச் செத்துப்போகிறது.

5.
முடிவு அ: கறுப்பு. நாத்தனார் என்னைத் தூக்கிச் சுற்றுகிறாள். (என் எடை தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

முடிவு ஆ: பழுப்பு. "இல்லை" என்று எழுதிவிட்டு, என் தோளில் சாய்ந்து

இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

நாத்தனார் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டாள். எது தெரிகிறதோ அதைத்தான் எழுதுவாள். என்னை நம்பாதீர்கள், நான் ஆசைப்பட்டதை எழுதிவிடுவேன். லென்ஸை நீங்கள் பிடியுங்கள். கொஞ்சம் மூச்சை அடக்குங்கள், சிரிக்காதீர்கள்.

ஒரு கால் வெளியே வருகிறது.

சத்தமாகச் சொல்லுங்கள், என்ன நிறம்?