வாபஸ் வாங்கிய வானிலை

ஹாம் ரேடியோ சங்கத்தில் அவருக்கு 'வானிலை' என்று பெயர். மழை வருமா வராதா என்று அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அவருடைய கவலையெல்லாம் சூரியனைப் பற்றித்தான். சூரியன் ஒழுங்காக இருந்தால், வானத்தின் மேலடுக்கு ரேடியோ அலைகளைத் திருப்பி அனுப்பும்; மொட்டைமாடியில் கட்டிய ஒரு கம்பியை வைத்துக்கொண்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருப்பவரோடு சாவகாசமாகப் பேசலாம். சூரியன் முறுக்கிக்கொண்டால் கதை கந்தல். இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்காது. வீட்டிலிருந்தே பொழுதுபோக்காக அலைவரிசையில் பேசிக்கொள்ளும் ஹாம் ரேடியோக்காரர்களின் போட்டிகள் எல்லாம் இந்த ஒரு ஆசாமியின் மனசைப் பொறுத்தே நடக்கின்றன.

அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் முந்தின மாலை, லிஃப்ட் பழுது பார்க்கும் வேலையை முடித்துவிட்டு வந்து, கைகால் கழுவி, வரைபடங்களை எல்லாம் பார்த்து, வாட்ஸ்அப் குழுவில் அவர் நிலவரம் எழுதுவார். ஆறு ஊர்ச் சங்கங்களைச் சேர்ந்தவர்களும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். 'போகலாம்' என்றால் ரேடியோ செட்டைத் துடைத்து வைப்பார்கள். 'வேண்டாம்' என்றால் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்விடுவார்கள். பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூட அவர் கணிப்பு பொய்த்ததில்லை என்பது பேச்சு. அவரும் அதை மறுக்கவில்லை.

அவருடைய மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைப்பவள். ஒன்பது மாதத்துக்கு முன்னால்தான் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, காற்றில் பெயருக்குப் பதிலாகச் சொல்லிக்கொள்ள, எழுத்தும் எண்ணுமாகத் தனக்கென்று ஒரு அழைப்புக்குறியும் வைத்திருந்தாள். ஆனால் ஆறு வருடமாகச் சங்கத்தோடு மலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வருடத்துக்கு ஒருமுறை மலை உச்சியில் கூடாரம் அடித்து, உயரமான கம்பம் நட்டு, இரண்டு நாள் ஊர் உலகத்தோடெல்லாம் பேசுவார்கள். அங்கே செட்டின் முன்னால் மொத்தம் நான்கே நாற்காலிகள். அவளை எல்லோரும் 'வானிலை வீட்டம்மா' என்று அன்பாகத்தான் கூப்பிட்டார்கள். அன்பாகவே நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, தாங்கள் பேசுவதை எழுதச் சொன்னார்கள்.

இந்த வருடம் செயலாளர் ஒரு விதி போட்டார். சனிக்கிழமை நடக்கும் சங்கங்களுக்கு இடையிலான போட்டியில், காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிக்குள் தனியாளாக மற்றப் போட்டியாளர்கள் ஐம்பது பேரோடு பேசியவர்களுக்கே மலையில் நாற்காலி. ஒருவரும் ஐம்பதைத் தொடவில்லை என்றால் போன வருடத்து நான்கு பேரே போவார்கள். அந்த நால்வரில் வானிலையும் ஒருவர். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். வேண்டும் என்றால் அப்படி இப்படி இல்லை, கடையில் ஒருநாள் சம்பளமில்லா விடுப்பே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை நிலவரம் வந்தது. 'சூரியனிலிருந்து புயல் கிளம்பிவிட்டது. நாளை காலையே வந்து மோதும். வானம் கதவைச் சாத்திவிடும். யாரும் நேரத்தை வீணாக்க வேண்டாம்.' அறுபத்திரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

"நான் லீவு போட்டாச்சு," என்றாள் அவள்.

"உக்காரு, யார் வேண்டாம்னா? தொண்டைதான் வத்தும்," என்று சொல்லிவிட்டு, காலையில் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு அவர் வேலைக்குப் போய்விட்டார்.

ஒன்பது மணிக்கு அவள் உட்கார்ந்தாள். துணி தேய்க்கும் மேசைதான் செட்டு வைக்கும் மேசை. கூப்பிட்டாள். நிறுத்திக் கேட்டாள். மறுபடி கூப்பிட்டாள். பன்னிரண்டு மணிக்கு நோட்டில் ஏழே பெயர்கள். அந்த ஏழு பேரும் எப்படி வந்தார்கள் என்று விசாரித்தால் சிரிப்பாக இருந்தது. ஒருவருக்குப் போன் தண்ணீரில் விழுந்துவிட்டது. ஒருவர் கோபித்துக்கொண்டு குழுவைவிட்டே வெளியேறி மூன்று மாதம். மற்றவர்கள் நிலவரத்தை இன்னும் படிக்கவில்லை. படித்திருந்தால் வந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் ஏழு குரலும் பக்கத்து அறையில் இருந்து பேசுவதைப் போல அத்தனை சுத்தமாகக் கேட்டன. அது அவளை உறுத்தியது. லென்ஸில் ஒரு மயிரிழை கோணினாலும் கண்டுபிடிக்கிற கண் அவளுக்கு, காதும் சளைத்ததில்லை. அப்போதுதான் கடல் தாண்டி எங்கோ ஒரு தீவிலிருந்து, போட்டிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பல் டாக்டர் அவள் அழைப்புக்குப் பதில் கொடுத்தார். உன் குரல் அபாரமாக வருகிறது, ஆனால் உங்கள் பக்கத்தில் வேறு யாரையுமே காணோமே, ஊரே தூங்குகிறதா என்று கேட்டார். அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஆனால் அவர் கேட்ட கேள்வியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வானம் திறந்துதான் கிடக்கிறது. கூப்பிடத்தான் ஆளில்லை. இவர் 'வேண்டாம்' என்றால் யாரும் செட்டைப் போடுவதில்லை. யாரும் போடாததால் காற்று வெறிச்சென்று கிடக்கிறது. எப்போதாவது ஒருவர் தட்டிப் பார்த்தாலும், 'அவர் சொன்னது சரியாப் போச்சு பாரு' என்று அணைத்துவிடுகிறார். பதினான்கு வருடத்துப் பெருமையில் பாதி இப்படித்தான் வந்திருக்கும்! அவளுக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. போனை எடுத்தாள்.

"ஏங்க, உடனே வீட்டுக்கு வாங்க."

"லிஃப்ட் கூரை மேல நிக்கிறேன்."

"இறங்கி வாங்க."

அவர் சாப்பாட்டு நேரத்தில், கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். அவள் செட்டின் சத்தத்தைக் கூட்டினாள். பல் டாக்டர் தன் வீட்டு நாயைப் பற்றி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். நாய் குரைத்ததுகூடக் கேட்டது.

"புயல் இந்நேரம் வந்திருக்கணுமே," என்றார் அவர், போனில் வரைபடத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தபடி.

"வரல. வழியில எங்கயோ நின்னு டீ குடிக்குது. ஏழு பேர்தாங்க ஆகியிருக்கு. இன்னும் நாப்பத்திமூணு வேணும்."

"சரி, வண்டியில என் சின்ன செட் இருக்கு. கீழ போய் அதுல உன்னோட பேசி, கணக்குக்கு நான் ஒண்ணு தர்றேன்."

"உங்க ஒண்ணை வச்சு நான் என்ன பண்றது? உங்க பேச்சைக் கேட்டுட்டு வீட்டுல சாய்ஞ்சு கிடக்கிறாங்களே, அத்தனை பேரும் வரணும். தப்புன்னு எழுதுங்க."

"பதினாலு வருஷம்மா..."

"தெரியும். எழுதுங்க."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தார். ஒரு வரி எழுதினார், அழித்தார். பத்து நிமிடம் போனது. அவளுக்கு ஒவ்வொரு நிமிடமும் ஒரு ஆளாகக் குறைந்துகொண்டிருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டார். 'என் கணிப்பு தப்பு. வானம் நன்றாகத் திறந்திருக்கிறது. என் மனைவி காலையிலிருந்து தன்னந்தனியாகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். செட்டைப் போடுங்கள்.'

உடனே ஒரு பதில் வந்தது. 'வானிலையின் போனை யாரோ திருடிவிட்டார்கள். ஜாக்கிரதை.'

ஆனால் செட்டுகள் சூடேறின. முதலில் ஒருவர், பிறகு மூவர், பிறகு அவள் அழைப்புக்குறியைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு கும்பலே மேலே விழுந்தது. பாதிப் பேர் தங்கள் குறியைச் சொல்லும் முன்பே சிரித்தார்கள். சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றார் ஒருவர். அவள் ஒவ்வொருவராகப் பிடித்து, வரிசையில் நிறுத்தி, எழுதி, அனுப்பினாள். இருபது. முப்பத்தைந்து. நாற்பத்தாறு. குரல் கம்மிவிட்டது, சந்தோஷம் மட்டும் கம்மவில்லை. அவர் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டே முக்காலுக்கு நாற்பத்தொன்பது. அப்போது ஸ்பீக்கரில் உஸ்ஸென்று ஒரு இரைச்சல் கிளம்பி, குரல்கள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன.

"வந்துடுச்சு! நான் சொன்னேன்ல, வந்துடுச்சு பாரு!" என்று அவர் ஸ்டூலிலிருந்து துள்ளினார்.

அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அவர் சத்தமில்லாமல் உட்கார்ந்தார்.

இரைச்சலுக்கு அடியில் ஒரே ஒரு குரல், எறும்பு ஊர்வதைப் போல. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அழைப்புக்குறியில் முதல் எழுத்து கிடைத்தது, மற்றது போயிற்று. திரும்பச் சொல்லச் சொன்னாள். நடுவில் ஒரு எண் மாட்டியது. பின்னால் அவர் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அவருக்கு முழுசும் கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும். அந்தக் காது அப்படி. ஆனால் தனியாள் போட்டியில் பக்கத்தில் இருப்பவர் ஒரு எழுத்துச் சொன்னாலும் எல்லாம் செல்லாது. மூன்றாம் முறை கேட்டாள். நான்காம் முறை. கடைசி இரண்டு எழுத்தும் இரைச்சலைத் தாண்டித் தலையை நீட்டின. அவள் அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னாள். "சரி, சரி," என்றது அந்தக் குரல்.

ஐம்பது.

அவள் எழுந்து குதித்ததில் மைக் வயர் பிடுங்கிக்கொண்டு வந்தது. அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையை எடுத்ததும் கன்னம் முழுக்கக் கிரீஸ். இருவரும் மூச்சு வாங்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும்தான் அவளுக்கு உறைத்தது. யாராவது ஒருவர் ஐம்பதைத் தொட்டால் போன வருடத்து நால்வர் பட்டியல் செல்லாது. அவர் நோட்டில் இன்று ஒரு பெயர்கூட இல்லை.

"ஏங்க, உங்க நாற்காலி..."

"ஆமா, போச்சு."

"தெரிஞ்சேதான் எழுதினீங்களா? அதுக்குத்தான் அந்தப் பத்து நிமிஷம் நடந்தீங்களா?"

அவர் துணியால் கன்னத்தைத் துடைத்தார். அது இன்னும் பரவியது.

"பொய் சொல்லக் கூடாது. அந்தப் பத்து நிமிஷமும் என் கௌரவத்துக்காகத்தான் நடந்தேன்," என்றார். "நாற்காலி உனக்குத்தான்னு காலையில வந்து அந்த நாய் குரைச்சதைக் கேட்டப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"காலையில இல்ல, மத்தியானம்."

"பாத்தியா, நேரம்தான் எனக்குச் சரியா வர மாட்டேங்குது."