கூத்தையா கொண்டுவந்த காசி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு காலை, கடலாடிப் பக்கத்துச் சிக்கல் கிராமத்து ஊருணியில் தாஜ்மகால் தலைகீழாகத் தெரிந்தது. கரையில் வழக்கம்போலக் கருவேல மரங்களும் ஓர் எருமையும்தான் நின்றன. தண்ணீரில் மட்டும் வெள்ளை வெளேரென்று குவிமாடமும் நான்கு தூண்களும் இருந்தன.

எல்லாம் கூத்தையாவால் வந்தது. கூத்தையா நல்ல சம்சாரி, படு பொய்யன். கல்யாணமான மறுமாதமே மனைவி பூமயிலுக்கு அடுப்படி கட்டித் தருவதாகச் சொன்னான். ஐப்பசிகள் வந்து போயின. அவள் ஒரு கையில் பனையோலையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு மறுகையால் குழம்பைக் கிண்டினாள். கடைசியில் முனியசாமி கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். அதுவும் பொய்யானதும் பூமயில் துணிமணியை எடுத்துக்கொண்டு கீழத்தெருவிலிருந்த பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். சூடத்தின் மேல் சொன்ன பொய் காசியில்தான் கரையும், இராமேஸ்வரத்து மணலைக் கங்கையில் கரைத்து, முங்கி எழுந்து, தண்ணீர் எடுத்துவந்து ஊர் பார்க்க ஊருணியில் ஊற்றினால் திரும்பி வருகிறேன், இல்லாவிட்டால் ஆளை விடு என்று சொல்லியனுப்பினாள். அவள் இல்லாத வீட்டில் கூத்தையாவுக்குப் பொய் சொல்லக்கூட ஆள் இல்லை. மனிதன் உடைந்தே போனான்.

அறுவடை முடிந்ததும் மணல் முடிச்சோடு கிளம்பியவன், மதராசில் காசி வண்டி என்று நினைத்து டெல்லி வண்டியில் ஏறிவிட்டான். வழியில் ஓர் ஆற்றங்கரையில் பெரிய வெள்ளைக் கட்டடத்தைக் கண்டு இறங்கினான். ஆறு இருந்தது, கூட்டம் இருந்தது, வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். வேறென்ன வேண்டும்? உள்ளே பூப்போட்ட இரண்டு கல்மேடைகள் இருந்தன. பெரியது விசுவநாதர், சின்னது விசாலாட்சி என்று தீர்மானித்து இரண்டுக்கும் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். விபூதி தராதது மட்டும் குறைதான். வடக்கத்திப் பூசாரிகள் சோம்பேறிகள் என்று விட்டுவிட்டான். பின்புறம் ஆற்றில் மணலைக் கரைத்து முங்கினான். கட்டடத்தின் நிழல் விழுந்த இடத்தில் செம்பை முக்கி எடுத்து, அதன் வாயை ஈயம் வைத்து அடைத்துக்கொண்டான்.

ஊர் பார்க்க ஊருணியில் அதை ஊற்றிய மறுநாள்தான் அந்தக் காட்சி. காசி விசுவநாதரே எழுந்தருளிவிட்டார் என்று சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், தேங்காய் உடைத்தார்கள். வெள்ளிக்கிழமை வீடு திரும்புவதாகப் பூமயிலும் தகவல் சொன்னாள்.

புதன்கிழமை மிளகாய் வாங்க வந்தார் கீழக்கரை வியாபாரி சதக். வடக்கே பல ஊர் சுற்றியவர். ஊருணியில் முகம் கழுவக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

“இது ஆக்ரா தாஜ்மகாலப்பா. மவுத்தான பொஞ்சாதிக்குப் பாதுஷா கட்டுன கபுரு, சமாதி.”

ஏர்வாடி தர்காவுக்கு வருஷந்தோறும் நேர்ந்துகொண்டு போகிறவர்கள்தானே, இங்கே நாலு தேங்காய் உடைத்ததில் என்ன குடி முழுகிவிட்டது என்று ஊர் சமாதானமாகிவிட்டது. ஆனால் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பூமயில் அசையவில்லை. வண்டி மாறியது கூத்தையாவுக்கு அப்போதுதான் விளங்கியது. உடனே நாக்கு நுனிக்குப் பொய்கள் வரிசையாக வந்து நின்றன. சதக்குக்குக் கண் மங்கிவிட்டது என்று சொல்லலாம். காசியைப் பார்த்துத்தான் ஆக்ராவில் கட்டினார்கள் என்றும் சொல்லலாம். ஊர் நம்பும், அவளும் நம்பக்கூடும். அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

“வண்டி மாறி ஏறிட்டேன் பூமயிலு. காசிய நான் கண்ணால பாக்கல.”

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் வந்த முதல் நிஜம் அது. பூமயில் குடத்தை இறக்கி வைத்தாள்.

“உசுரோட இருக்கவளுக்கு ஒரு அடுப்படி கெட்டித்தர வக்கில்ல. செத்தவ மாளிகையத் தூக்கிட்டு வந்து நிக்கான்.”

குடத்தை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்கே போய்விட்டாள். கூத்தையா அங்கிருந்தபடியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊருணிக்குள் இறங்கிக் களிமண் வெட்டினான். வீட்டுக்குச் சுமந்துபோனான். மண் மிதித்தான், சுவர் எழுப்பினான், பனங்கை போட்டு ஓலை வேய்ந்தான். சுவர் தெற்கே கொஞ்சம் சாய்ந்துதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை தாண்டி எட்டு நாள் கழித்துப் பூமயில் வந்தாள். சுவரைத் தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தாள். நின்றது. உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

அதே நேரத்தில் ஊருணியில், குவிமாடத்தின் உச்சியிலிருந்து புகை கிளம்பியது. மாளிகை தலைகீழாக இருந்ததால் புகை கீழ்நோக்கிப் போயிற்று. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்துவிட்டு, ஒருவழியாக ஆள் குடிவந்துவிட்டது என்று பேசிக்கொண்டு, மிச்சத் துணியை அலசினார்கள்.