உரலுக்குள் போகும் கை

நான் தையல்காரன். குமாசி நகரத்தில் எங்கள் வளவில் ஏழெட்டுக் குடித்தனம், நடுவில் ஒரே முற்றம். என் மிஷின் முற்றத்து ஓரத்தில்தான் கிடக்கிறது. அதனால் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள், யார் வீட்டில் என்ன குழம்பு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சமைக்க மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிரெதிர் வீட்டுப் பெண்கள் டுஃபியும் கொனடுவும் சேர்ந்து இடிக்கும் ஃபுஃபுவில் எனக்கும் ஒரு உருண்டை வந்துவிடும். அதை நினைத்துத்தான் வாரத்தை ஓட்டுகிறேன்.

ஃபுஃபு தனியாள் வேலை இல்லை. டுஃபி நின்றபடி, வெந்த மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் ஆளுயர உலக்கையால் இடிப்பாள். கொனடு கீழே உட்கார்ந்து, உலக்கை மேலே போகிற நொடியில் உரலுக்குள் கைவிட்டு மாவைப் புரட்டிப் போடுவாள். அதற்கு நடுவே ஊர்வம்பு வேறு பேசிக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்திக்கொண்டால் எனக்கு எப்படி இருக்கும்?

ஒரு புதன்கிழமை விடியலில் டுஃபி தன் கதவருகே நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெயில் ஏறியதும் நாற்காலியை உள்ளே எடுத்துப்போனாள். அதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கொனடு காலை வணக்கம் சொன்னால் முற்றத்துக் கோழியைப் பார்த்துப் பதில் சொன்னாள். கொனடு மட்டும் லேசுப்பட்டவளா? ஓரிரு நாள் பொறுத்துவிட்டு அவளும் கோழியிடமே பேச ஆரம்பித்தாள். என்னதான் ஆச்சு என்று டுஃபியிடம் கேட்டேன். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஞாயிறு வந்தது. கொனடு வீம்புக்குத் தன் புருஷன் சார்போங்கின் கையில் உலக்கையைக் கொடுத்தாள். அவன் இராத்திரிக் காவல்காரன், பகலெல்லாம் தூக்கம். இரண்டு இடி ஒழுங்காக விழுந்தது. மூன்றாவது, உரலின் விளிம்பில். கொனடு கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அவன் எவ்வளவு கெஞ்சியும் மறுபடி உரலுக்குள் கை விடவில்லை. அன்று நான் ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றேன். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோழியைப் பிடித்துக் குழம்பு வைத்திருக்கலாம்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமை கொனடு சார்போங்கின் கால்சட்டையைத் தைக்கக் கொண்டுவந்தாள். உலக்கை பிடிக்கத் தெரியாத வீரனுடையதா என்று கேட்டுவைத்தேன்.

“அப்பிடி மட்டமா நெனைக்காதீங்கண்ணே. போன வாரம் மழை வந்தப்ப கொடியில கெடந்த துணியெல்லாம் எடுத்து மடிச்சு வச்சிருந்தாரு. நான் சந்தையிலேர்ந்து வந்து பாத்துட்டு முட்டை பொரிச்சுக் குடுத்தேன்.”

என் கால் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டது. அன்றைக்கு நான் இங்கேதான் இருந்தேன். தகரக் கூரையில் மழை கொட்டிய சத்தத்தையும் மீறி சார்போங்கின் குறட்டை கேட்டது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி ஓடித் துணி எடுத்தவள் டுஃபி. மடித்து, கொனடுவின் கதவைத் தள்ளி நாற்காலிமேல் வைத்தவளும் அவள்தான். அடுத்த நாள்தான் அந்தப் புதன்கிழமை.

நான் இதைச் சொன்னதும் கொனடு வாயில் கைவைத்துக்கொண்டாள். எங்கள் ஊரில், உதவி வாங்கின நேரத்தில் சொல்கிற நன்றி பாதிதான். மறுநாள் விடியுமுன், முற்றம் பெருக்குமுன், அவர்கள் கதவைத் தட்டி மறுபடி சொன்னால்தான் கணக்கு. வராதவர்களிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்பது மானக்கேடு. டுஃபி செத்தாலும் கேட்கமாட்டாள்.

சார்போங்கை எழுப்பி விசாரித்தோம்.

“நான் மடிச்சேன்னு எப்ப சொன்னேன்?” என்றான் கொட்டாவியோடு. “நீ முட்டை குடுத்தே, தின்னேன்.”

மறுநாள் விடியலில் கொனடு நல்ல துணி உடுத்திக்கொண்டு, துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய் டுஃபியின் கதவைத் தட்டினாள். நடந்ததைச் சொல்லி நன்றியும் சொன்னாள்.

டுஃபி அலட்சியமாகக் கையை வீசினாள். “துணி எடுத்ததுக்கெல்லாமா விடியக்காலையில வருவாங்க? நான் அத அன்னைக்கே மறந்துட்டேன்.”

இத்தனை நாளும் கோழியோடு குடித்தனம் நடத்தியவள் சொல்கிறாள். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கொனடு நகரவில்லை. இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினாள்.

“துணிக்கு மட்டும் வரலக்கா. இந்தக் கையப் பாரு. எத்தனையோ வருசமா ஒன் உலக்கைக்குக் கீழ விடறேன், ஒரு நகம் நசுங்கினதில்ல. அவரு இடிச்சப்பதான் நீ என்ன செஞ்சிட்டிருந்தேன்னே புரிஞ்சுது. அதுக்கு நான் ஒருநாளும் வந்து கதவத் தட்டலியே.”

டுஃபி அந்தக் கைகளைப் பிடித்து இழுத்துத் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டாள்.

“பைத்தியம். ஊர்க்கதை பேசினாலும் என் கண்ணு ஒன் கையிலதாண்டி இருக்கும்.”

இருவரும் அழுதார்கள், உடனே சிரித்தார்கள். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. மனசு நிறைந்தால் வரத்தானே செய்யும்.

அந்த ஞாயிறு உலக்கைச் சத்தம் கேட்டதும் நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். வேர்க்கடலைக் குழம்பில் மிதந்துகொண்டு என் உருண்டை வந்தது. சார்போங்குக்கும் கிடைத்தது, கொடியிலிருந்த துணியெல்லாம் எல்லாரும் பார்க்க மடித்த பிறகு. இத்தனை வருடம் தின்றதுதான். அன்றைக்கு ஒவ்வொரு வாயும் யாரோ இப்போதுதான் கண்டுபிடித்தது போல இருந்தது.

திங்கட்கிழமை விடியுமுன் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு டுஃபியின் கதவைத் தட்டினேன். பதறிக்கொண்டு திறந்தாள்.

“யாருண்ணே செத்துட்டாங்க?”

யாரும் சாகவில்லை, நேற்றைய ஃபுஃபுவுக்கு நன்றி சொல்ல வந்தேன் என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எதிர்க்கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“ஏய் கொனடு, எந்திரி. ஒன் நாற்காலியத் தூக்கிட்டு வா. தையக்காரண்ணன் நமக்கு நன்றி சொல்ல வந்திருக்காரு.”

கொனடு கண்ணைக் கசக்கியபடி நாற்காலியோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதலிலிருந்து சொன்னேன்.