உதைக்கிற கால்

மின்தூண்டல் பெட்டியின் குமிழைத் திருகினாள் ரவ்தா. கணவனின் வலது தொடையில் ஒட்டியிருந்த நான்கு பட்டைகளுக்குள் மின்சாரம் பாய்ந்தது. சுருட்டிய போர்வையின் மேல் முழங்கால் விறைத்து நீண்டது. ஆறு நொடி. மடங்கியது. மறுபடி நீண்டது.

"பார்த்தியா ஹெடி, நேத்தைவிட ஒசரம்!"

பதில் இல்லை. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த பிறகு, இந்த மூன்று வருடத்தில் ஹெடியின் பேச்சு குறைந்துகொண்டே வந்திருந்தது. அந்த வீட்டில் அவள் சொன்னதற்கெல்லாம் பதில் கொடுத்தது இந்தக் கால் ஒன்றுதான்.

எண்ணிக்கொண்டே வந்தவள் பதினேழில் நிமிர்ந்தாள்.

ஹெடியின் வாய் திறந்திருந்தது. கண்கள் கூரையில் நிலைத்திருந்தன. மூக்கருகே விரல் வைத்தாள். கழுத்தைத் தொட்டாள்.

கால் நீண்டது. பதினெட்டு.

அணைக்க வேண்டும். ஒரே ஒரு பொத்தான். கை நகரவில்லை.

வாசல் கதவு திறந்தது. மாமனார் மொக்தார்.

"ரவ்தா! துறைமுகத்துல மத்தி துள்ளுது. அந்த மீன்காரத் திருட்டுப்பயகிட்ட அரைமணி சண்டை போட்டு..."

அறை வாசலில் பேச்சு நின்றது. மெல்ல வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"என்னமா உதைக்கிறான், கழுதை!"

"ஆமா மாமா."

"தூங்குறானா?"

"தூங்குறாரு."

இருவரும் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாற்பதைத் தாண்டியபோது உயரம் குறைந்தது. பிறகு பாதம் எழவே இல்லை. தொடைச்சதை மட்டும் துடித்தது. ரவ்தா குமிழை ஏற்றினாள். இன்னும் ஏற்றினாள்.

மொக்தார் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"போதும் மகளே. வாசல்லயே பார்த்துட்டேன்."

"காலையில நெஞ்சு அடைக்குதுன்னாரு மாமா. நான்தான், பயிற்சிக்கு டிமிக்கி குடுக்கிறியான்னு..."

அவர் பொத்தானை அமுக்கினார். மகனின் இமைகளை இழுத்து மூடினார். முழங்காலுக்கடியிலிருந்த போர்வையை உருவி, இரண்டு கால்களையும் சேர்த்து வைத்தார்.

"துணி ஒண்ணு குடும்மா. தாடையைக் கட்டணும்."

தலையில் சுற்றியிருந்ததையே அவிழ்த்துக் கொடுத்தாள். பிறகு குனிந்து, தொடையிலிருந்த பட்டைகளை மயிர் இழுபடாமல் ஒவ்வொன்றாக உரித்தாள். பசை காய்ந்துவிடாமல் நான்கையும் கண்ணாடித்தாளில் வரிசையாக ஒட்டி, கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அழுத்தினாள்.