முள் கிழித்த சட்டை

மூட்டை மேஜையில் விழுந்த சத்தம் கேட்டதுமே சுண்டு தன் பொத்தான் டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். மூட்டை அவிழ்ப்பது அவள் வேலை. யாரும் கொடுக்காத, அவளாகவே எடுத்துக்கொண்ட வேலை. அவள் படித்த பள்ளிக்கூடத்தில் இப்போது காயம்பட்டவர்களைப் படுக்க வைத்திருக்கிறார்கள். வீட்டில் தனியாகப் பூட்டிவிட்டு வர மனம் வராமல் அம்மா தினமும் அவளையும் கூட்டி வந்தாள். போனால் போகிறது என்று மேஸ்திரியும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்.

முன்பு தானியக் கிடங்காக இருந்த நீளமான அறை அது. ஜன்னலோரமாகத் தையல் மிஷின்கள் வரிசை கட்டி நின்றன. பின்கட்டில் பெரிய பெரிய அண்டாக்களில் பட்டாளத்துச் சட்டைகள் வெந்துகொண்டிருந்தன. வெந்து, பிழிந்து, காய்ந்தபின் மூட்டையாக இங்கே வரும். பெண்கள் ஒட்டுப்போட்டு, பொத்தான் வைத்து, மடித்துக் கொடுத்தால் லாரியில் ஏறிப் போகும்.

அந்த அறையில் சட்டையில் விழுந்த ஓட்டைக்கு முள் என்றுதான் பெயர். முதலில் யார் அப்படிச் சொன்னார்களோ தெரியாது. அங்கே தைக்கிறவர்களில் பாதிப் பேருடைய ஆட்கள் சண்டையில் இருந்தார்கள். ஓட்டையை அதன் உண்மையான பெயர் சொல்லிக்கொண்டு நாள் முழுக்கத் தைக்க யாருக்கும் நெஞ்சில் தெம்பு கிடையாது. "இது சின்ன முள்ளுதான், லேசாத் தச்சா போதும்" என்பாள் ஒருத்தி. "எனக்கு வந்திருக்கு பாரு, முதுகுத்துணியவே மாத்தணும், அவ்ளோ பெரிய முள்ளு" என்பாள் பக்கத்து மிஷினில் இருக்கும் குண்டு அத்தை. புதிதாக வேலைக்கு வந்தவர்களும் யாரும் சொல்லிக்கொடுக்காமலே அப்படிப் பேசக் கற்றுக்கொண்டார்கள்.

சுண்டு அதை அப்படியே நம்பினாள். சண்டை நடக்கிற இடம் முழுக்க முள்காடு, சட்டை கிழிந்தவர்கள் கழற்றி அனுப்புகிறார்கள், தைத்து முடித்ததும் அவரவர் சட்டை அவரவரிடம் போய்ச் சேருகிறது. சலவைக்குப் போட்ட துணி திரும்பி வருகிற மாதிரிதானே? இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

மூட்டை அவிழ்க்க அவள் முந்திக்கொண்டு ஓடியதற்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். மற்றவர்கள் ஏணி தேடுகிற உயரத்தை இவர் எக்கி நின்றே பூசிவிடுவார். பட்டாளத்துச் சட்டையின் முரட்டுக் காலர் கழுத்தை அறுக்கிறது என்று சண்டைக்குப் போய் லீவில் வந்தபோது சொன்னார். கழுத்தைச் சுற்றிலும் சிவந்து தடித்துப் போயிருந்தது. சுண்டுவுக்குச் சின்னதாகிப்போன மஞ்சள் கவுனைக் கத்தரித்து, காலருக்கு உள்பக்கமாக வைத்துத் தைத்துக் கொடுத்தாள் அம்மா. மஞ்சளில் குட்டிக் குட்டிச் சிவப்புக் குடைகள் போட்ட துணி. "இனிமே சுண்டு என் கழுத்தைக் கட்டிக்கிட்டேதான் இருப்பா" என்று சிரித்தார் அப்பா. அந்தக் காலரைத்தான் அவள் ஒவ்வொரு மூட்டையிலும் தேடினாள்.

அம்மாவும் எந்தச் சட்டையை எடுத்தாலும் முதலில் காலரைத் திருப்பிப் பார்ப்பதை அவள் கவனித்திருந்தாள். அம்மாவுக்கும் அதே ஆசைதான் போல என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒவ்வொரு முறையும் வெறும் காலரைப் பார்த்துவிட்டு அம்மா ஏன் நிம்மதியாக மூச்சு விடுகிறாள் என்பதுதான் விளங்கவில்லை. கேட்கலாம் என்றால் மிஷின் ஓடும்போது அம்மாவிடம் பேச முடியாது. வீட்டுக்குப் போனபின் அம்மாவுக்குப் பேசத் தெம்பு இருக்காது. அப்பாவிடமிருந்து தகவல் நின்றுபோனதிலிருந்து வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. பேச ஆளில்லாமல் சுண்டு டப்பாவில் இருந்த பொத்தான்களோடு பேசிப் பழகியிருந்தாள்.

அன்றைக்கு மூட்டை முடிச்சு சட்டென்று அவிழ்ந்துவிட்டது. மேலே கிடந்ததை எடுத்துக் காலரைத் திருப்பினாள். இல்லை. அடுத்தது. அதிலும் இல்லை. அதற்கடுத்த சட்டையில் மஞ்சள் தெரிந்தது. சாயம் வெளுத்துப் போயிருந்தது. குடைகள் மட்டும் அப்படியே இருந்தன.

"அம்மா! என் கவுன்! அம்மா, அப்பா சட்டைம்மா!"

மிஷின்களின் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் எல்லோருக்கும் கேட்டது. ஒவ்வொரு மிஷினாக நின்றது. அம்மா எழுந்து வரவில்லை. சுண்டுதான் ஓடிப்போய் அவள் மடியில் சட்டையைப் போட்டாள். அம்மா காலரைத் தொட்டாள். தான் போட்ட தையல்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். பிறகு சட்டையை விரித்துப் பார்த்தாள். இடதுபக்கப் பைக்குக் கொஞ்சம் மேலே சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. முதுகில் அதைவிடப் பெரிதாக இன்னொன்று.

சுண்டு இரண்டையும் உற்றுப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"அவ்ளோதானா? மத்த சட்டையெல்லாம் சல்லடை மாதிரி இருந்துச்சு. அப்பா பாத்துத்தான் நடந்திருக்காரு, இல்லம்மா?"

"ஆமாண்டி" என்றாள் அம்மா.

"அப்ப இப்போ எதைப் போட்டுட்டு இருப்பாரு?"

அம்மா முதுகு ஓட்டையை உள்ளங்கையால் மூடினாள். "வேற குடுத்திருப்பாங்க."

குண்டு அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். "துணி வந்து சேந்துடுச்சு. ஒரு சேதி சொல்லத்தான் ஒருத்தனுக்கும் நேரமில்ல. பாவிங்க" என்றாள் தனக்குள்ளேயே. மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். இவ்வளவு நல்ல விஷயம் நடந்திருக்கிறது, ஒருவர்கூடச் சிரிக்கவில்லையே என்று சுண்டுவுக்கு வருத்தமாக இருந்தது.

அம்மா சட்டையைச் சுருட்டினாள். அக்கம்பக்கம் பார்த்தாள். காலடியில் இருந்த சாப்பாட்டுப் பையைக் காலாலேயே இழுத்து, தூக்குப் பாத்திரத்துக்கு அடியில் சட்டையைத் திணித்தாள். அந்த அறையிலிருந்து ஒரு நூல்கண்டு வெளியே போனாலும் வேலை போய்விடும். வாசலில் பையைத் துழாவிப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். அது அம்மாவுக்குத் தெரியாததல்ல.

"அதை எதுக்கும்மா உள்ள வைக்கிற?"

"பேசாம இரு."

"அப்பாவுக்குக் குளிரும்மா! அவரு சட்டைய நாமளே வச்சுக்கிட்டா அவரு என்ன பண்ணுவாரு? தச்சுக் குடும்மா. இன்னிக்கு லாரி போகுதுல்ல? அனுப்பிடும்மா!"

சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா அவள் வாயைப் பொத்தப் போனாள். அதற்குள் மேஸ்திரி வந்துவிட்டார். அதட்டிப் பேசினாலும் கெட்ட மனிதர் இல்லை. மேலே இருந்து விழுகிற அதட்டலைத்தான் கீழே இறக்கிவிடுவார்.

"என்ன, எல்லார் கையும் நின்னுடுச்சு? வெளிய ஆளுங்க பனியனோட நிக்கிறானுங்க." பையிலிருந்து தொங்கிய சட்டைக்கை அவர் கண்ணில் பட்டது. "என்னம்மா இது?"

"எங்க வீட்டுக்காரர் சட்டைங்க." அம்மா எழுந்து நின்றாள். "இந்த ஒண்ண மட்டும் குடுத்துடுங்க. கூலியில பிடிச்சுக்கங்க. வீட்டுல அவரோடதுன்னு ஒண்ணும் இல்லைங்க. எல்லாத்தையும் வித்துச் சாப்பிட்டாச்சு."

மேஸ்திரி சட்டையை வெளியே எடுத்தார். முன்னால் பார்த்தார், பின்னால் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த கடுகடுப்பு இறங்கிப்போயிற்று.

"என்னால முடியாதும்மா" என்றார் மெதுவாக. "வந்தது இத்தனை, போனது இத்தனைன்னு மேல இருக்கிறவன் கேப்பான். ஒண்ணு குறைஞ்சாலும் இந்த அறையையே பூட்டிட்டுப் போயிடுவான். இத்தனை பொம்பளைங்க எங்க போவீங்க?"

"அம்மா சும்மா சொல்றாங்க, மாமா" என்றாள் சுண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாங்க தச்சுத் தந்துடறோம். அப்பாவுக்கு வேணும்."

அம்மா அவளைப் பார்த்தாள். ஏதோ சொல்லப்போவது போல உதடு அசைந்தது. அறை முழுக்க அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள்.

முன்பக்கத்து ஓட்டையை மிஷினில் தைக்காமல் கையாலேயே இழை இழையாக மூடினாள். முதுகுக்கு ஒட்டுத்துணி வைத்தாள். சுண்டு டப்பாவைக் கவிழ்த்து, இருப்பதிலேயே நல்ல பொத்தானாகத் தேடி எடுத்துக் கொடுத்தாள். சொந்தத் துணி எது இருந்தாலும் பிரித்து எடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அம்மா கத்தரியைக் காலருக்குக் கொண்டுபோனாள். "அதை எடுக்காதம்மா, அப்பாவுக்கு அடையாளம் தெரியாது" என்றாள் சுண்டு. கத்தரி அப்படியே நின்றது. மேஸ்திரி வந்து சட்டையை வாங்கி, மஞ்சள் வெளியே தெரியாதபடி காலரை மடித்துவிட்டு, மற்ற சட்டைகளின் நடுவே வைத்துக்கொண்டு போனார்.

சுண்டு அவர் பின்னாலேயே ஓடினாள். முற்றத்தில் லாரி நின்றது. புதிதாகப் பட்டாளத்துக்குப் பிடித்து வரப்பட்டவர்கள் குளிரில் கைகளைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆளுக்கொரு சட்டை கையில் விழுந்தது. விழுந்ததும் போட்டுக்கொண்டார்கள். அவள் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசியில் நின்றவனின் காலரில் மஞ்சள் எட்டிப்பார்த்தது.

"அண்ணா, அது எங்கப்பா சட்டை."

அவன் மிரண்டுபோய் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தான். "எனக்கு இதைத்தான் குடுத்தாங்க, பாப்பா."

"பரவால்ல, குளிருதுல்ல, வழியில போட்டுக்கங்க. அங்க போனதும் அவர்கிட்ட மறக்காம குடுத்துடணும்."

"சரி. உங்கப்பாவ எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"ரொம்ப உயரமா இருப்பாரு. இது அவருக்குத்தான் அளவா இருக்கும். உங்களுக்குப் பாருங்க, எவ்ளோ பெருசு!"

அவன் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டான். தோள் தையல் முழங்கைப் பக்கம் இறங்கிக் கிடந்தது. மீசை இன்னும் முளைக்காத முகத்தில் வெட்கச் சிரிப்பு வந்தது.

"இப்பதான் பெருசு. நான் இன்னும் வளருவேன்ல" என்றான்.

லாரியில் ஏறியிருந்தவர்கள் அவனைக் கைகொடுத்துத் தூக்கினார்கள். லாரி கிளம்பியது. அவன் சுண்டுவைப் பார்த்துக் கையை உயர்த்தினான். கை வெளியே வரவில்லை. லாரி தெருமுனை திரும்புகிறவரை அந்த வெறும் சட்டைக்கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.